மூன்றரை அடி உயர வாசலில் சக்கர நாற்காலி ஏற: சாய்தளமா, லிஃப்டா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் வீடு. மழைத்தண்ணீர் ஏறாமல் இருக்க மூன்றரை அடி உயர்த்திக் கட்டியது. பக்கவாதம் வந்த பிறகு அப்பா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு பேர் தூக்கித்தான் இறக்குகிறோம். வாசலில் பத்தடி இடம் இருக்கிறது. சாய்தளம் கட்டலாமா, பிளாட்பார லிஃப்ட் (நாற்காலியோடு ஏற்றி இறக்கும் மேடை) வைக்கலாமா? உப்புக்காற்றில் தாங்குமா?

பதில்: ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். உங்களுக்கு 42 அடி. நாற்காலியைத் திருப்பவும், நின்று மூச்சு வாங்கவும் சமதளம் தனி. பத்தடிக்குள் செங்குத்தாகக் கட்டிவிட்டு, பின்னால் பிடிப்பவரின் கை நழுவினால் அப்பா தெருவில் விழுவார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். லிஃப்ட்தான் சரி.

தாங்குமா என்பது நீங்கள் வாங்கும் பொருளைப் பொறுத்தது. விலைப்பட்டியலில் 'பவுடர் கோட்டிங்' (தூள் பெயின்ட் பூச்சு) என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போல்ட்டை முடுக்கும்போது ஸ்பேனர் கீறிய இடத்தில் உப்பு இறங்கும். பெயின்ட் மேலே பளபளக்க, அடியில் துரு பரவிக் கொப்புளமாக எழும்பும். லிஃப்டின் இரும்புச் சட்டம் 'ஹாட் டிப் கால்வனைசிங்' (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பது) செய்ததாக இருக்கட்டும். போல்ட், கீல் எல்லாம் எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு ரகம்) ஆக இருக்கட்டும். 304 ரகம் என்றால் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி பிடிக்கும். இரும்பு தாங்கினாலும் முதலில் மக்கர் செய்வது, மேடையை மேலும் கீழும் சரியான இடத்தில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச்தான், உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாதபடி ஐ.பி. 65 தரத்தில் மூடிய சுவிட்ச் கேளுங்கள். கன்ட்ரோல் பெட்டியை வீட்டுக்குள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

லிஃப்டை இறக்கி வைக்கத் தரையில் குழி வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அதில் தண்ணீர் நிற்கும். தரைமேல் வைக்கும் வகையில் மேடை இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்திருக்கும். அதற்கு மூன்றடிச் சரிவு போதும். மேடை மூன்றடிக்கு நாலரை அடியாவது வேண்டும். கூட ஒருவர் நிற்பதென்றால் ஐந்தடி. அப்பாவை உட்காரவைத்து, கால்மிதியின் நுனிவரை அளந்து பாருங்கள்.

கரண்ட் போனால்? பேட்டரியோ, கையால் இறக்கும் வசதியோ கட்டாயம். விற்பவர் சொன்னால் போதாது: மேடையைப் பாதியில் நிறுத்தி, மெயினை அணைத்து, நீங்களே இறக்கிப் பாருங்கள். அப்புறம், மேடைக்கு அடியில் எது பட்டாலும் லிஃப்டை நிறுத்திவிடும் தட்டு இருக்க வேண்டும். நிழல் என்று ஆட்டுக்குட்டி படுக்கும், குழந்தையும் நுழையும். கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் தனி எர்த்தும் இல்லாமல் இணைப்புக் கொடுக்க விடாதீர்கள். லிஃப்டுக்கு உரிமம் தேவையா என்று மின் ஆய்வாளர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வாரம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் சட்டத்தைத் துடையுங்கள். சர்வீஸ் ஆள் ராமநாதபுரத்தில் இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்பதையும் கேளுங்கள். மதுரை என்றால் உபரி லிமிட் சுவிட்ச் ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

லிஃப்ட் வரும்வரை தூக்கித்தானே ஆக வேண்டும்? கழன்று வரும் கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், இரும்புச் சட்டத்தைப் பிடியுங்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் நாற்காலியின் முதுகு வீட்டுப் பக்கமே இருக்கட்டும். பலமுள்ளவர் மேல்படியில் நிற்கட்டும்.