பழைய பங்க் ராக் படங்கள் ஏன் புள்ளி புள்ளியாக, கலங்கலாக இருக்கின்றன?

1970களில் நியூயார்க், லண்டன் கிளப்களில், பங்க் ராக் என்ற முரட்டு ராக் இசைக் கச்சேரிகளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களில் தெரியும் பொடிப் புள்ளிகளை 'கிரெய்ன்' என்பார்கள். ஃபிலிமில் பூசியுள்ள வெள்ளி உப்பு, டெவலப் செய்ததும் கருத்த துகள்களாகிறது, அவைதான் இவை.

காரணம் இருட்டு. நியூயார்க்கின் சிபிஜிபி போன்ற கிளப்பில் அப்போது மேடை வெளிச்சம் சொற்பம். அதனால் 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்பதன் அளவு) ஃபிலிமை 1600 என்று கணக்கு வைத்து எடுத்துவிட்டு, டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் கூடுதல் நேரம் போட்டு வைப்பார்கள். உருவம் தெரியவரும், கிரெய்னும் தடிக்கும். தூரத்து வானொலி நிலையத்தைக் கேட்க வால்யூமைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமே, அதேதான். ஃபிளாஷ் போட்டால் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் அந்த இடத்தின் இருளும் புகையும் படத்தில் இருக்காது. காட்லிஸ் என்ற புகைப்படக்காரர் அங்கே ஃபிளாஷைத் தொடாமல், ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து, கேமராவைக் கையில் பிடித்தபடியே எடுத்தார். கை அசைந்தால் படம் கலங்கிவிடும், என்ன துணிச்சல்!

கலங்கலான படம் என்றால் தவறிப்போன படம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1979இல் நியூயார்க் பல்லேடியம் மேடையில் தி கிளாஷ் என்ற பங்க் இசைக்குழுவின் பால் சிமோனன் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்து நொறுக்கிய படத்தை, ஃபோகஸ் சரியில்லை என்று அதை எடுத்த பென்னி ஸ்மித்தே வேண்டாம் என்றார். அந்த ஆண்டே வந்த ஆல்பத்துக்குக் குழு அதையே அட்டைப்படமாக்கியது.