இரவல் ஆரமும் கைமாற்றும்

அன்புள்ள ஐயா,

இலக்கியம் பற்றிய கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய நண்பன் ஒருவன், மகள் கல்யாணத்துக்கென்று என்னிடம் மூன்று லட்சம் கைமாற்றாக வாங்கினான். நோட்டு எழுதிக்கொள்ளலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். "என் மேல நம்பிக்கை இல்லையாடா?" என்றான். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. அதே கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்டுவிட்டுத் தருவதாக என் மனைவியின் ஆறு பவுன் ஆரத்தையும் இரவல் வாங்கிப்போனார்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆரம் அடகில் இருக்கிறது என்று யாரோ சொல்லித்தான் தெரியும். பணத்தில் பாதியைத் திருப்பிவிட்டதாக வேறு சொல்கிறான். ஒரு பைசா வரவில்லை. காவல் நிலையத்துக்குப் போனால், "பணத்துக்கு கோர்ட்டுக்குப் போங்க, நகைக்கு வேணும்னா புகார் எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். ஒரே ஆளிடம் ஒரே நம்பிக்கையில் கொடுத்ததை எப்படி இரண்டாகப் பிரிக்கிறார்கள்? இப்போது அவன் குலதெய்வக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறேன், அதோடு விட்டுவிடு என்கிறான். நான் சாமி நம்பிக்கை உள்ளவன். சத்தியம் செய்தால் நம்பித்தானே ஆகவேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. நீங்கள் சீக்கிரம் ஒரு வக்கீலைப் பார்க்கவேண்டும், ஏன் சீக்கிரம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

காவல் நிலையத்தில் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. அவர்கள் சொன்னது சரிதான். நீங்கள் கொடுத்த மூன்று லட்சம் அன்றே பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதே ரூபாய் நோட்டுகள் திரும்பி வரவேண்டும் என்று நீங்களும் நினைக்கவில்லை. கைமாறிய நிமிடத்தில் அது உங்கள் நண்பர் பணம், உங்களுக்கு மிஞ்சுவது வரவேண்டிய பாக்கி. ஆரம் அப்படியில்லை. அதே ஆரம், அதே பதக்கத்தோடு, உங்கள் பீரோவுக்குத் திரும்பவேண்டும். அது ஒரு நாளும் அவருடையதாக இருந்ததில்லை. அதை அடகுக்கடையில் கொண்டுபோய் வைப்பதைத்தான் சட்டம் நம்பிக்கை மோசடி என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 405, 406-ஆவது பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆவது பிரிவு. உங்கள் விஷயத்தில் எது என்பது அவர் அடகு வைத்த தேதியைப் பொறுத்தது.

பணத்தையே முதலிலிருந்து ஏமாற்றும் எண்ணத்தோடுதான் வாங்கினார் என்று காட்ட முடிந்தால் அது வேறு குற்றம், பழைய 420. ஆனால் திருப்பித் தரவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்த எண்ணத்தை நிரூபித்துவிட முடியாது. கொடுக்க முடியாமல் போனவரையெல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் ஊரில் பாதிப்பேர் வெளியே இருக்கமாட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுவரேறிக் குதிக்கிற திருடனால் நம்பிக்கை மோசடி செய்யவே முடியாது. அவனிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. ஒப்படைக்கப்பட்டவரால் மட்டுமே செய்ய முடிகிற குற்றம் இது. பழைய சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கும் இதற்கும் அதிகபட்சம் மூன்று வருடம்தான். புதிய சட்டத்தில் திருட்டுக்கு, முதல் முறை என்றால், அதே மூன்றுதான். நம்பிக்கை மோசடிக்கு ஐந்தாக உயர்த்திவிட்டார்கள். ஆக, சட்டத்துக்கு நம்பிக்கை ஒரு பொருட்டே இல்லை என்று நினைக்கவேண்டாம். நீங்கள் எவ்வளவு நம்பினீர்கள் என்று அது கேட்பதில்லை. எதைக் கொடுத்தீர்கள், என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்கிறது.

சரி, அந்த "நம்பிக்கை இல்லையாடா"வுக்கு வருவோம். எனக்கு இந்த வாக்கியத்தின்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. நோட்டு எழுதலாமா என்று கேட்டால் எழுதலாம், வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றுதான் பதில். இவர் அதைச் சொல்லாமல் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். எழுதிக்கொள்வது சாமி கும்பிடுகிறவனுக்கு அழகில்லை என்ற எண்ணம் உங்களுக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் சாமி பக்கம் அப்படியொன்றும் சொல்லவில்லை. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282-ஆவது, கடனைப் பற்றியது. தவணை குறித்துக் கடன் கொடுத்தால் எழுதிக்கொள்ளுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், தொகை சிறிதோ பெரிதோ சலிக்காமல் எழுதுங்கள் என்கிறது. அடுத்த வசனம்தான், ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைத்தால் நம்பப்பட்டவர் அதைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்கிறது. நம் ஊர் முஸ்லிம்கள் அமானிதம் என்பார்களே, அது. கடனையும் அமானிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிற இடம். உங்கள் காவல் நிலையத்துப் பிரிவினையும் ஏறத்தாழ இதுதான்.

பெரியபுராணத்திலும் ஒரு கல்யாண வீடுதான். மணக்கோலத்தில் இருக்கும் சுந்தரரிடம் கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அங்கே அவையோர் கேட்பது ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, இந்த மூன்றில் ஒன்று. அதாவது வழக்கம், பத்திரம், சாட்சி. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. வந்தவர் சிவபெருமான். அவரே ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வழக்காட வந்திருக்கிறார். உங்கள் நண்பருக்கு ஒரு புரோநோட்டில் என்ன கௌரவக் குறைச்சல்?

கடைத்தெருவில் அச்சடித்து விற்கும் புரோநோட்டை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். குடும்பச் செலவுக்காக ரொக்கமாகப் பற்றிக்கொண்ட தொகையை, தாங்கள் கேட்கும்போது, தங்களிடமோ தங்கள் ஆர்டர் பெற்றவரிடமோ வட்டியுடன் செலுத்துகிறேன் என்று இருக்கும். அந்த "ஆர்டர் பெற்றவர்" யார்? அந்த இடத்தில் இல்லாத மூன்றாம் ஆள். நோட்டு அவருக்காகத்தான். உங்களுக்கும் நண்பருக்கும் நடந்தது உங்கள் இருவருக்கும் தெரியும். நாளைக்கே உங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஒரு காலத்தில் இதற்கும் சமய நம்பிக்கையே முட்டுக்கொடுத்தது. கடன் அடைக்காமல் செத்தவர் மறுமையிலும் கடனாளி, மகன் அடைத்து அவரைக் கரையேற்றவேண்டும் என்ற சாத்திரக் கருத்தை இந்து சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்குப் புனிதக் கடமை என்று பெயர். 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, இனி வாங்கும் கடனுக்கு அந்தக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன்மேல் வழக்குப் போட முடியாது என்று ஆக்கிவிட்டார்கள். செத்தவர் விட்டுப்போன சொத்து இருந்தால் அந்த அளவுக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

இனி கற்பூரம். நீங்கள் நினைப்பதுபோல இது பட்டிக்காட்டு விவகாரம் மட்டும் இல்லை. 1873-ஆம் வருடத்து இந்திய சத்தியப் பிரமாணச் சட்டத்தில் இதற்கு இடமே இருந்தது. வழக்கில் ஒரு தரப்பு, எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று சொல்லலாம். எதிராளி சம்மதித்தால் நீதிமன்றம் அதை ஏற்பாடு செய்யும். கோர்ட்டுக்கு வெளியே செய்யவேண்டிய சத்தியம் என்றால் அதற்கென்று ஓர் ஆளை நியமித்து அனுப்பும். செய்துவிட்டால், கட்டுப்படுவதாகச் சொன்னவருக்கு எதிராக அதுவே முடிவான சாட்சி. மேற்கொண்டு பேச்சில்லை. அந்தந்த மக்கள் மதிக்கிற எந்த முறையில் வேண்டுமானாலும் செய்யலாம், மூன்றாவது ஆளைப் பாதிக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்திருந்தார்கள். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்வதெல்லாம் செல்லாது என்று அர்த்தம். வெள்ளைக்காரன் நம்மை நன்றாகத்தான் கவனித்திருக்கிறான். 1969-இல் புதிய சட்டம் வந்தபோது இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். இன்று சாட்சிக் கூண்டில் கடவுள் பெயரால் சொன்னாலும் மனசாட்சிப்படி சொன்னாலும் நீதிபதிக்கு ஒன்றுதான். குறுக்கு விசாரணை இருவருக்கும் உண்டு.

ஆகவே அவர் கற்பூரம் அடித்தால் கோர்ட் கட்டுப்படாது. நீங்கள்தான் கட்டுப்படுவீர்கள். சாமிக்குப் பயந்தவர் அவர் இல்லை, நீங்கள் என்று அவருக்குத் தெரியும். மூன்று லட்சம் போனாலும் போகட்டும் என்று மனசார விடத் தயார் என்றால் போய் நில்லுங்கள். இல்லையென்றால் "நீ சத்தியம் பண்ணு, நான் விட்டுவிடுகிறேன்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம்.

கோபத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாதி கொடுத்துவிட்டேன் என்கிறவர், வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறார். நோட்டு இல்லாத உங்களுக்கு இது பெரிய விஷயம். பாதியைத் திருப்பிக் கொடுத்ததை நிரூபிக்கவேண்டியது அவர் பொறுப்பாகிவிடுகிறது. அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரவழைக்க முடியுமா என்று பாருங்கள். வாய்க்கடனும் கடன்தான், சாட்சி இருந்தால் வழக்குப் போடலாம். ஆனால் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போடவேண்டும். அது தாண்டினால் கடன் இருக்கும், வழக்கு இருக்காது. உங்களுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. சீக்கிரம் என்றது இதற்காகத்தான்.

கடைசியாக ஆரம். நாங்கள் கொடுத்தோம், எங்களுக்கு வரவேண்டும் என்று முழு நீளக் கடிதத்தில் பல இடங்களில் எழுதியிருந்தீர்கள். அது உங்கள் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்றும் ஒரு வரி அதில் இருந்தது. அப்படியானால் அது அவருடைய சீதனம், உங்களுடையது இல்லை. கட்டிக்கொண்டு வந்த வீட்டில் இருப்பதாலேயே பெண்ணின் நகை கணவனுக்கும் பொதுவாகிவிடாது, கணவனே அதை எடுத்துக்கொண்டு தராவிட்டால் அதுவும் நம்பிக்கை மோசடியாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லியிருக்கிறது. புகார் உங்கள் மனைவி பெயரில், அவர் கையெழுத்தில் போவதுதான் முறை. நகை வாங்கிய ரசீது, அதைப் போட்டிருக்கும் போட்டோ இருந்தால் கூட வையுங்கள். அதற்கு முன்னால், புகார் கொடுக்க அவருக்குச் சம்மதமா என்று கேளுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கடிதத்தில் எங்குமே இல்லை.