பனியன் கம்பெனியில் ஆட்கள் ஏன் ஒட்டுவதில்லை? கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினேழு வருடமாகப் பணியாளர் நிர்வாகம் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்.

நாற்பது மெஷின் வைத்து ஜாப் ஒர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்கிறேன். போனஸ் கொடுத்தும் தீபாவளிக்கு ஊருக்குப் போன டைலர்களில் பாதிப்பேர் திரும்புவதில்லையே?

போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அது உழைத்த காசு என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் அதை வைத்து யாரும் உங்களோடு ஒட்ட மாட்டார்கள். மற்ற மாதங்களில் சனிக்கிழமை சம்பளம் சொன்ன நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். மளிகைக்கடை பாக்கியும் வாடகையும் அன்றைக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்றால் அவர் மனசு அப்போதே அடுத்த கம்பெனிக்குப் போய்விடும். அப்புறம், ஊருக்குக் கிளம்பும்போது "எப்ப வர்றீங்க, உங்க மெஷினை யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொன்னபடி கொடுக்காமலும் இருங்கள்.

லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். பீகார், ஒடிசா ஆட்கள் யாரோடும் பேசாமல் தனியாகவே இருக்கிறார்கள் சார், என்ன செய்வது?

தம்பி, உங்கள் லைனில் இருக்கும் அத்தனை பேரின் பெயரும் தெரியுமா? எல்லோரையும் "ஹிந்திக்காரங்க" என்று கூப்பிடுகிறோம், ஒடிசாக்காரரின் தாய்மொழி ஒடியா என்பதே பலருக்குத் தெரியாது. பண்டிகையும் அப்படித்தான். பீகார் ஆட்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜை பெரியது, ஒடிசாப் பெண்களுக்கு ஜூன் நடுவில் மூன்று நாள் ரஜ பண்டிகை உண்டு. இந்தத் தேதிகளை ஷிப்மெண்ட் போடும்போதே குறித்துக்கொண்டால், கடைசி நேரத்தில் லீவு கேட்டு அவர்கள் கெஞ்சவும் வேண்டாம், நீங்கள் கத்தவும் வேண்டாம். ஒரு கம்பெனியில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: செக்கிங்கில் இருந்த அக்கா ஒருவர் மத்தியானம் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொண்டுவந்தார், அதைப் பார்த்த ஒடிசாப் பெண்கள் "எங்க ஊர் பகாளா!" என்று ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதுவும் நம் பழைய சோறு மாதிரி தண்ணீர் ஊற்றிய சோறுதான். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு நிற்கவே இல்லை, ஒரு மாதத்தில் அந்த அக்காவுக்கு ஒடியாவில் பத்துச் சொல்லாவது தெரியும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஒரு இடமும் அரைமணி நேரமும் கொடுங்கள், போதும்.

செக்கிங் வேலை பார்க்கிறேன். ஒரு பீஸ் தப்பானாலும் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார்கள். யாரிடம் சொல்வது?

அக்கா, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், அதில் எழுதிக் கொடுங்கள். திட்டுவதில் பாலியல் பேச்சு கலந்திருந்தால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் போங்கள். 10 பேர் வேலை செய்தாலே அந்தக் குழு கட்டாயம், தலைவராகப் பெண்தான் இருப்பார், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில், ரிஜெக்ட் ஆன பீஸ்களைத் தைத்தவர்கள் பெயரைப் பலகையில் எழுதிவைக்கச் சொன்னது நான்தான். இரண்டாவது வாரம் எங்களுடைய கைதேர்ந்த ஓவர்லாக் டைலர் ஒருவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன், "பலகையில என் பொண்ணு படிக்கிற பெயர் சார் அது" என்றார், அவர் மகளும் அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். பலகையை எடுத்துவிட்டேன், அவர் திரும்பவே இல்லை.

ஜவுளிக்கடை மேனேஜர் நான். ஸ்டூல் போட்டும் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்களே?

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள், கேரளா 2018லேயே செய்துவிட்டது. உங்கள் கடையில் உட்கார்ந்தால் முதலாளி முறைப்பார் என்ற பயம்தான் காரணமாக இருக்கும். கூட்டமில்லாத நேரத்தில் நீங்களே போய் அவர்கள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருங்கள்.

பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவதால் பலன் உண்டா?

உண்டு, நல்லதுதான். ஆனால் அந்தப் பிறந்தநாள் பட்டியலில் பாத்ரூம் கழுவும் அக்காவின் பெயரும் கான்ட்ராக்டில் வரும் லோடுமேன்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே சேருங்கள்.