அப்பா பெயரில் வந்த பி.எம். கிசான் பணம் எனக்குக் கிடைக்குமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. பட்டா அப்பா பெயரில். போன வருடம் அவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தவணை பி.எம். கிசான் பணம் அவர் கணக்கில் ஏறியது. கார்டு போட்டு எடுத்துச் செலவு செய்துவிட்டோம். இப்போது நின்றுவிட்டது. அண்ணன் சென்னையில் வேலை பார்க்கிறார், வருமான வரி கட்டுகிறார். விவசாயம் பார்ப்பது நான்தான். பணம் என் பெயருக்கு வருமா? சம்பா செலவுக்கு வெளியில் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கியிருக்கிறேன்.

பதில்: வரும். இந்தத் திட்டத்துக்கு 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்தது என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு நிலம் வாங்கியவர்கள் சேர முடியாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அண்ணன் வரி கட்டுவது உங்களைப் பாதிக்காது. குடும்பம் என்று திட்டம் சொல்வது கணவன், மனைவி, 18 வயதாகாத பிள்ளைகளை மட்டும்தான். உங்கள் மனைவி வரி கட்டினால்தான் சிக்கல்.

அப்பா இறந்த பிறகு வந்த 4,000 ரூபாயைத் திருப்பிக் கட்டிவிடுங்கள். பி.எம். கிசான் இணையதளத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. வட்டார வேளாண்மை அலுவலகத்திலும் விவரம் சொல்வார்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இறந்தவர் கார்டில் பணம் எடுக்கவே கூடாது. வங்கிக்கு இறப்புச் சான்றிதழைக் கொடுத்து அந்தக் கணக்கை முடியுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கடைசி வரிதான். 60,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு என்றால் மாதம் 1,200. ஆறு மாதத்தில் 7,200. அரசு ஒரு வருடம் முழுக்கத் தருவதே 6,000 தான்! நீங்கள் காத்திருக்கும் உதவித்தொகையைவிடப் பெரிய பணம் ஒரே போகத்தில் வட்டியாகப் போய்விடுகிறது. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு (விவசாயக் கடன் அட்டை) எடுத்தாலும் ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு வருடத்துக்கு 4 சதவீதம்தான். இதற்கெல்லாம் பட்டா வேண்டும். இறந்தவர் பெயரில் இருக்கும் பட்டாவுக்குச் சொசைட்டியில் கடன் தர மாட்டார்கள்.

அதனால் முதல் வேலை பட்டா மாற்றம். இறப்புச் சான்றிதழ் இருக்கும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அது வந்ததும் அம்மா, அண்ணன், நீங்கள் மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். பாகப்பிரிவினை பிறகு நிதானமாக நடக்கட்டும். அப்புறம் பி.எம். கிசானில் உங்கள் பெயரைப் பதிந்து, ஆதாரை வைத்து அடையாளம் சரிபார்க்கும் இ-கேஒய்சி முடியுங்கள். வங்கியில் ஒன்றைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கில் ஆதார் எண் கொடுத்திருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வந்து விழும் கணக்கு என்றும் அது பதிவாகியிருக்க வேண்டும். பலருக்குத் தவணை நிற்பது இதனால்தான்.

பயிர்க் காப்பீட்டுக்குப் பட்டா மாறும்வரை காத்திருக்காதீர்கள். குத்தகைக்காரர்களே சேரக்கூடிய திட்டம் அது. சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று வி.ஏ.ஓ. அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவு) கொடுத்தால் போதும். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது 1.5 சதவீதம். ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்று வைத்தால் 540 ரூபாய்தான். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: நெல் மகசூல் இழப்பை உங்கள் வயலை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. வருவாய் கிராமத்தில் சில வயல்களில் அறுத்து எடை போட்டு, அந்தச் சராசரியை வைத்துத்தான் கொடுப்பார்கள். டெல்டாவில் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். மழையில் சர்வர் படுக்கும் நாள்வரை தள்ளாமல், நட்டு முடித்த கையோடு கட்டிவிடுங்கள்.

கூட்டுப் பட்டாவில் கடன் கேட்டால் மற்றவர்களின் சம்மதக் கடிதம் கேட்கக்கூடும். அண்ணன் அடுத்த முறை ஊருக்கு வரும்போதே கையெழுத்து வாங்கி வையுங்கள்.