எத்தனை மூடு வாழை?

கேள்வி (தக்கலை வாசகர்): வருவாய்த் துறையில் 35 ஆண்டுகள் வரைவுக் கடிதங்கள் எழுதியே ஓய்வுபெற்றவர் நீங்கள். எழுதிய எதிலும் உங்கள் பெயர் இல்லையே என்ற வருத்தம் உண்டா?

பதில்: தொடக்கத்தில் இருந்தது, மறைப்பதற்கில்லை. 1981-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, கல்லூரி மலரில் கவிதை அச்சேறிய மிதப்பு எனக்கு. வெள்ளச் சேதம் பற்றிய முதல் வரைவில் 'பெருமழையின் சீற்றத்தால்' என்று எழுதியிருந்தேன். என் கண்காணிப்பாளர் அதை அடித்து 'மழையினால்' என்று திருத்திவிட்டு, 'எத்தனை மூடு வாழை? யாருடைய விளை?' என்று ஓரத்தில் கேட்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சில் மூடு என்றால் மரக்கணக்கு, விளை என்றால் தோட்டம். எழுத்துச் சீர்திருத்தம் 1978-இலேயே வந்துவிட்டபோதிலும், 'விளை'யின் ளைகாரத்துக்கு அவர் ஓய்வுபெறும் நாள்வரை யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறி போட்டே எழுதினார். உரைநடை என்று நான் கற்றது அந்த ஓரக்குறிப்பில்தான். வரைவில் இடும் என் சுருக்கொப்பம் அலுவலகக் கோப்போடு நின்றுவிடும். வெளியே செல்லும் கடிதத்தில் அதிகாரியின் பச்சை மைக் கையொப்பம் மட்டுமே இருக்கும். ஆனாலும் குலசேகரத்துப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் ஒருவர், கடிதத்தைத் தாமே படித்துப் புரிந்துகொண்டு, கேட்ட தாள்களோடு சரியான நாளில் வந்து நின்றால், அச்சில் பெயர் கண்டதைவிட எனக்கு நிறைவாக இருக்கும்.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): பழைய மலையாள ஆவணங்களோடு பழகிய அனுபவத்தைச் சொல்லுங்களேன்.

பதில்: இதை யாராவது கேட்கமாட்டார்களா என்றிருந்தேன். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டன. திருவிதாங்கூர்க் காலத்து ஆவணங்களோ மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்குமாக அப்படியே இருந்தன. கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில், பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு சரியாக வரும். 1121 துலாம் (நம் ஐப்பசி) மாதத்துக் கிரயம் ஒன்றுக்கு நான் அவசரத்தில் 825-ஐக் கூட்டி, 1945 என்று வரவேண்டியதை 1946 என்று எழுதிவிட்டேன். அதே 1121 கும்பத்தில், அதாவது 1946-இன் தொடக்கத்தில், அந்த நிலம், வாங்கியவரால் தம் மகளுக்கு இஷ்டதானமாக எழுதப்பட்டிருந்தது. ஆக, என் கணக்குப்படி தானம் முந்தியது, கிரயம் பிந்தியது! பட்டா மாற்றம் நின்றுபோய், அந்த மகள், அப்போதே பல் போன கிழவி, திருவட்டாற்றிலிருந்து மூன்று முறை பேருந்தேறி வந்தார். "எங்க அம்ம வாங்கதுக்கு முன்னாடியே எனக்கு எழுதித் தந்திட்டாளா மக்களே?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. திருத்த ஆணைக்கான வரைவை அவரை எதிரே உட்கார வைத்தே எழுதி, அன்று மாலைக்குள் கையொப்பமும் வாங்கிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய மிகச் சிறிய வரைவு அது, நான்கே வரி. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

கேள்வி (தோவாளை வாசகர்): இப்போது என்ன எழுதுகிறீர்கள்?

பதில்: மனுக்கள்தான். 2016-இல் ஓய்வுபெற்ற பிறகும் ஊரார் விடுவதாயில்லை. சென்ற வாரம் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதச் சொல்லி வந்த ஒருவர், "படிக்கியவனுக்குக் கண்ணீரு வரணும் சாரே" என்றார். வயது எத்தனை, குடும்ப அட்டை எண் என்ன என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் திறந்தேன்.