ரெனால்ட்டா, ரெனோவா?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். ஊர் செய்யாறு பக்கம். போன மாதம் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். எந்தெந்தக் கம்பெனிகளைத் தெரியும் என்று கேட்டார்கள். "ரெனால்ட், பாஸ்ச்" என்றதும் எதிரில் இருந்த இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்கு வாயே வரவில்லை. அடுத்த வாரம் இன்னோர் இன்டர்வியூ இருக்கிறது. இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்வது?

பதில்: அவர்கள் சிரித்திருக்கக் கூடாது. தமிழ்ப் பத்திரிகைகளில் ரெனால்ட் என்று அச்சாகியிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணால் படித்ததை வாயால் சொன்னீர்கள், அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தப் பெயர்களில் பல ஆங்கிலச் சொற்களே அல்ல. யாரோ ஒருவருடைய குடும்பப் பெயர், அல்லது ஓர் ஊரின் பெயர். எழுத்து ஆங்கில எழுத்தைப் போல இருக்கும், படிக்கும் விதியோ வேறு மொழியுடையது. அதனால் எழுத்துக்கூட்டிப் படிக்கும் முன்பு, இது எந்த ஊர்க் கம்பெனி என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

லூயி ரெனோவும் அவருடைய சகோதரர்களும் 1899-இல் பாரிஸ் பக்கத்தில் தொடங்கிய கம்பெனி அது. பிரெஞ்சு மொழியில் 'ஏ', 'யு' இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் 'ஓ' என்று ஒலிக்கும். சொல்லின் கடைசியில் நிற்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் ஊமையாகிவிடும். ஆகவே கடைசியில் உள்ள எல், டி இரண்டையும் விட்டுவிட்டு 'ரெனோ' என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் 'ரெனால்ட்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சொன்னது உலகத்தில் யாரும் சொல்லாத ஒன்றல்ல. ஆனால் ஒரகடத்தில் ரெனோ என்பதே நல்லது.

அடுத்தது ராபர்ட் பொஷ் 1886-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பட்டறையாகத் தொடங்கிய கம்பெனி. ஜெர்மனில் எஸ், சி, எச் மூன்றும் சேர்ந்தால் ஒரே ஒலி, 'ஷ்'. அதனால் 'பொஷ்'. பாஷ் என்றாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை, 'ஸ்ச்' மட்டும் வேண்டாம். நம் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளிடம் போய்ப் பொஷ் என்றால் சட்டென்று பிடிபடாமல் போகலாம். மைக்கோ என்றால் உடனே தெரியும். 2008 வரை இந்தியாவில் அந்தக் கம்பெனிக்கு அதுதான் பெயர்.

இதே ஜெர்மன் கணக்கில் டைம்லரும் வரும். 'ஏ', 'ஐ' சேர்ந்தால் 'ஐ' என்று ஒலிக்கும், ஆகவே டெய்ம்லர் என்று சொல்ல வேண்டாம். போர்ஷ் என்று நிறுத்திவிடாமல் கடைசியில் மெல்லிய 'அ' ஒன்றைச் சேர்த்துப் 'போர்ஷ' என்று முடிக்க வேண்டும். திருவள்ளூரில் கார் தயாரிக்கும் சிட்ரோயனைப் பலர் 'சிட்ரன்' ஆக்கிவிடுகிறார்கள். அந்தப் பெயரில் 'இ' எழுத்தின் தலைமேல் இரண்டு புள்ளிகள் இருப்பதைக் கவனியுங்கள். இந்த எழுத்தைத் தனியாக ஒலி என்பதற்கான குறி அது. 'சிட்-ரோ-அன்', மூன்று அசை.

ஸ்ரீபெரும்புதூர் கண்ணாடிக் கம்பெனியான 'செயின்ட் கோபெயின்' பெயரில் உள்ளது வடக்கு பிரான்சில் உள்ள ஒரு சிற்றூர். 1665-இல் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது. பிரெஞ்சுக்காரர் மூக்கால் சொல்லும் ஒலி நமக்கு வேண்டியதில்லை. 'செயின்ட்' என்று தொடங்காமல் 'சான் கொபேன்' என்றால் போதும்.

ஹூண்டாய்க்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். கொரிய மொழியில் அது 'ஹியன்டே' என்பதற்கு நெருக்கம், 'நவீனம்' என்று பொருள். அமெரிக்காவில் 'சண்டே' மாதிரி 'ஹன்டே' என்று சொல்லுங்கள் என அந்தக் கம்பெனியே விளம்பரம் செய்தது. பிரிட்டனில் வெகுகாலம் 'ஹை-உன்-டாய்' என்று சொல்லிவந்தார்கள். 2023-இல்தான் கொரிய ஒலிக்கு மாறும்படி அங்கே விளம்பரம் வந்தது. ஒரே கம்பெனி, ஊருக்கு ஓர் உச்சரிப்பு! 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த நாளிலிருந்து நமக்கு அது ஹூண்டாய். அப்படியே சொல்லுங்கள். கொரிய மேலாளர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து ஹியன்டே என்றால், நீங்களும் அப்படியே சொல்லலாம்.

இனி நான் மிகவும் முக்கியம் என்று நினைக்கும் விஷயம், அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசையை மட்டும் ஊன்றிச் சொல்வார்கள், மற்றவை சுருங்கிவிடும். எழுத்துகளை எல்லாம் சரியாக ஒலித்தும் நாம் சொல்வது எதிராளிக்குப் புரியாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம். டொயோட்டாவில் நடு அசை 'யோ' கனமாக விழ வேண்டும். மெர்சேடீஸில் 'சே' கனம். (எமில் யெல்லினெக் என்ற வியாபாரி தன் மகளின் பெயரைக் கொடுத்த கார் அது.) மிஷலினில் முதல் அசை, ரெனோவிலும் முதல் அசை. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், தட்டு விழும் இடத்தில் குரலும் ஏற வேண்டும். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் இரண்டே நாளில் வித்தியாசம் தெரியும்.

சரி, ஒரு வாரத்தில் என்ன செய்வது? நீங்கள் போகும் கம்பெனியின் இணையதளத்தில் வாடிக்கையாளர்கள் யார் என்று பார்த்து, ஏழெட்டுப் பெயர்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பெனியும் தானே வெளியிட்ட ஆங்கில வீடியோவைக் கேளுங்கள். யாரோ தெரியாதவர் போட்ட உச்சரிப்பு வீடியோக்களை நம்ப வேண்டாம், அவற்றில் தவறுகள் நிறைய. பெயரைத் தனியாகச் சொல்லிப் பழகாமல் முழு வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லி, போனில் பதிவு செய்து கேளுங்கள். தனியாகச் சரியாக வரும் பெயர், பேச்சின் வேகத்தில் பழைய வழிக்கே ஓடிவிடும்.

இன்டர்வியூவில் தெரியாத பெயர் வந்தால் அவர்கள் சொல்லும்வரை பொறுத்திருந்து அதையே திருப்பிச் சொல்லுங்கள். நீங்களே முதலில் சொல்ல நேர்ந்தால், "ஹவ் டு யூ சே திஸ் நேம் ஹியர்?" என்று நேராகக் கேட்டுவிடலாம். வேலைக்கு வந்தவர் இதைக் கேட்பது மரியாதையான கேள்விதான்.

வீட்டிலும் நண்பர்களிடமும் ரெனால்ட் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், அது தமிழ்ப் பேச்சு. நாளைக்கே அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, இன்டர்வியூ எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் போனை எடுத்ததும் முதலில் சொல்வது கம்பெனி பெயராகத்தான் இருக்கும். அதைக் காது கொடுத்துக் கேட்டு, அன்றைக்கு அப்படியே சொல்லுங்கள்.