கேளுங்க, மைக் ஆன்லதான் இருக்கு!

வீடியோ எடுத்துப் பிழைக்கிறவங்ககிட்ட என்ன கேக்கணுமோ எழுதி அனுப்புங்கன்னு போன மாசம் இந்தப் பத்திரிகையில போட்டிருந்தாங்க இல்ல, வந்த லெட்டர் கட்டை அப்படியே தூக்கி என் கையில குடுத்துட்டாங்க. நான் சேலம் அஸ்தம்பட்டியில ஒரு மாடி போர்ஷன்ல, என்னையும் சேத்து எட்டு பேரோட சின்னதா ஒரு கம்பெனி நடத்துறேன். கடை விளம்பரம், டாக்குமெண்டரி, ஸ்கூல் ஆண்டு விழா, எது வந்தாலும் வேணாம்னு சொல்ற நிலைமை இல்ல. தெரிஞ்சதை சொல்றேன், பதில் புடிக்கலைன்னா ஆசிரியரைத் திட்டிக்கோங்க.

வாசகர், ஆத்தூர்: உங்க டீம்ல யார் யாரு? எல்லாரும் விஸ்காம் படிச்சவங்களா?

விஸ்காம், அதான் விஷுவல் கம்யூனிகேஷன், படிச்சது ஒரே ஒரு ஆளு, கேமராமேன். மத்ததெல்லாம் அங்க இங்க இருந்து வந்து ஒட்டுனதுங்க. எடிட்டர் செவ்வாப்பேட்டையில கொலுசு பட்டறையில ஆறு வருஷம் இருந்தவன், குட்டி குட்டி கண்ணியா கோத்து பத்த வைக்கிற வேலை. அந்தப் பொறுமைதான் இப்ப டைம்லைன்ல தெரியுது, ஒரு ஃப்ரேம் தள்ளி இருந்தாலும் அவனுக்கு தூக்கம் வராது. சவுண்டு பாக்குறது பொன்னம்மாபேட்டை பொண்ணு, வீட்டுல சௌராஷ்டிரா பேசுவாங்க, அப்பா தறி. லைட்டுக்கு 61 வயசுல ஒரு அண்ணன், விஎச்எஸ் கேசட் காலத்துலயே கல்யாண வீடியோ எடுத்தவர், மண்டபத்து டியூப் லைட் வெளிச்சத்துலயே பொண்ணு மாப்பிள்ளைய அழகா காட்டுன கை. மேனேஜர் அக்கா முன்ன கல்யாணத்துக்கு சமையல் காண்ட்ராக்ட் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, 500 பேருக்கு நேரத்துக்கு பந்தி போட்டவங்களுக்கு எட்டு பேரோட ஷூட்டிங் ஷெட்யூல் எல்லாம் ஒரு விஷயமா. ஏற்காட்டு மேல ஒரு ஊர்ப் பொண்ணு டிரோனும் ஆராய்ச்சி வேலையும் பாக்குது. அப்புறம் ஒடிசா தம்பி ஒருத்தன், ஓட்டல் வேலைக்குன்னு சேலம் வந்தவன், எங்களுக்கு டீ குடுக்க மேல ஏறி வந்து அப்படியே தங்கிட்டான்.

இதை எல்லாம் நான் பிளான் பண்ணி சேத்தேன்னு நினைச்சுடாதீங்க. சம்பளம் கம்மி, அதனால யாரு வந்தாங்களோ அவங்களை எடுத்தேன், அவ்ளோதான் உண்மை.

வாசகர், குகை: சேலத்துல உக்காந்துக்கிட்டு இந்தத் தொழில் பண்ண முடியுமா? சென்னைக்கு போயிடலாமான்னு யோசிக்கிறேன்.

நீங்க இருக்கற ஊரோட கதை தெரியாம கேக்குறீங்க! ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குதே, செல்ஃபி எடுத்துட்டு போறதோட சரியா? டி.ஆர்.சுந்தரம் நூல் தொழில் படிக்க இங்கிலாந்து போயிட்டு வந்தவர், 1930கள்ல இங்க ஸ்டுடியோ போட்டு நூறு படத்துக்கு மேல எடுத்தாங்க. முதல் மலையாள பேசும் படம் 'பாலன்' 1938ல வந்துச்சே, அது எடுத்தது கேரளாவுல இல்ல, நம்ம சேலத்துல. 1956ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்', தமிழ்ல முதல் முழுநீள கலர் படம், அதுவும் இங்கதான்.

எனக்கு இதுல புடிச்சது சாதனைக் கணக்கு இல்ல. 1950ல வந்த 'மந்திரி குமாரி'ய எடுத்துக்கோங்க, வசனம் கருணாநிதி, டைரக்‌ஷன்ல எல்லிஸ் ஆர்.டங்கன்னு ஒரு அமெரிக்கக்காரர், தமிழ் பேசத் தெரியாதவரு. அவரும் நம்ம ஊரு கார்பெண்டரும் ஒரே கேட்டு வழியா வேலைக்கு வந்திருக்காங்க. மாசச் சம்பளம், நேரத்துக்கு வரணும், மில்லு மாதிரி கண்டிப்பு. ஸ்டுடியோன்னா இந்த ஊர்ல அப்படித்தான் இருந்திருக்கு, எங்கெங்கயோ இருந்து ஆள் வந்து ஒரே கூரைக்கு கீழ வேலை பாக்குறது. அதனால எங்க எட்டு பேரைப் பாத்து "என்னடி கதம்பமா இருக்கு"ன்னு யாராச்சும் கேட்டா, நான் ஏற்காடு ரோட்டை கை காட்டிடுவேன்.

சென்னை போகலாம், நானும் பதினோரு வருஷம் ஒரு சேனல்ல இருந்துட்டுதான் வந்தேன். ஆனா அங்க வாடகைக்கு போற காசுல இங்க நல்ல லென்ஸ் ரெண்டு வாங்கிடலாம், கணக்கு போட்டுப் பாருங்க.

வாசகி, நாகலூர், ஏற்காடு: மலைக்கு வந்து படம் புடிக்கிறவங்க எங்களைப் பத்தி தப்பு தப்பா சொல்றாங்க. உங்க யூனிட்டும் அப்படித்தானா?

ஆமாங்க, நாங்களும் பண்ணோம். மறைக்கல.

மூணு வருஷம் முன்ன உங்க ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை காபி பத்தி ஒரு சின்னப் படம். காபி செடி பூ விடுறது நாலஞ்சு நாளு கூத்து, கோடை மழை ஒண்ணு பேஞ்சா போதும், ஒரு வாரம் பத்து நாள்ல தோட்டமே மல்லிப்பூ கொட்டி வச்ச மாதிரி வெள்ளை வெளேர்னு ஆயிடும், வாசனையும் கிட்டத்தட்ட மல்லிதான். அதுக்காக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி எறங்கி ஏறி எறங்கி (கேமராமேனுக்கு வாந்தி, அது தனிக்கதை) ஒருவழியா எடுத்து முடிச்சோம். சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி, மூடுபனி, எல்லாம் சூப்பரா வந்துச்சு. தோட்டத்துல வேலை பாக்குறவங்க "நாங்க மலையாளிங்க"ன்னு சொன்னாங்க. நான் என்ன எழுதினேன் தெரியுமா வாய்ஸ் ஓவர்ல? "கேரளாவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள்"னு! பதினோரு வருஷ டிவி அனுபவம், சேலத்துக்காரி வேற.

அப்ப அந்த ஏற்காட்டுப் பொண்ணு டீம்ல இல்ல, கடைசி நாள் எங்களுக்கு வழி காட்ட வந்தது. ஆபீஸ்ல ரஃப் கட், அதான் முதல் எடிட், ஓடிக்கிட்டு இருக்கறப்ப இது பின்னாடி நின்னு பாத்துச்சு, அந்த வரி வந்ததும் சிரிச்சுடுச்சு. "அக்கா, எங்க பாட்டிக்கு மலையாளத்துல தண்ணி கேக்கக்கூடத் தெரியாது"ன்னுச்சு. மலையாளின்னா மலையை ஆள்றவங்க, மலையில இருக்கறவங்க, பேசுறது தமிழ்தான். காஞ்சிபுரத்துல இருந்து வந்தோம்னுதான் அவங்க வழிவழியா கதை சொல்றாங்க. அரசாங்கமே சேலம் மாவட்டத்துல பழங்குடி பட்டியல்ல வச்சிருக்கற பேரு அது. சேலத்துல இருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், எனக்குத் தெரியல.

வாய்ஸ் ஓவர் மாத்தினது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அந்த வரிய எட்டு தடவை எடிட்ல பாத்த எங்க யாருக்கும் உறுத்தல பாருங்க, அதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்துச்சு. அடுத்த மாசமே அந்தப் பொண்ணை வேலைக்கு எடுத்தேன். இப்ப ரஃப் கட் பாக்குறப்ப யார் வேணா, டீ குடுக்க வந்தவங்க உட்பட, "நிறுத்து"ன்னு சொல்லலாம், சொன்னா நிறுத்தணும், எனக்கு எரிச்சல் வந்தாலும் நிறுத்தணும். இதுக்கும் மேல தப்பு இருந்தா நாகலூர்ல இருந்து ஒரு கார்டு போடுங்க.

வாசகர், அம்மாபேட்டை: ஆளுக்கொரு பாஷை, ஆளுக்கொரு வயசு. சண்டை வராதா?

தினமும். ஏசி 24ஆ 27ஆங்கறதுல இருந்து ஆரம்பிக்கும்.

பெரிய சண்டை ஒண்ணு சொல்றேன், உங்க ஏரியாவுலதான் நடந்துச்சு. வெண்பட்டு பத்தி ஒரு படம், ஒரு பாட்டியம்மா வீட்டுல ஷூட்டிங். அவங்களுக்கு காலர் மைக் மாட்டியாச்சு, கேமரா செட் ஆகிட்டு இருக்கு, அவங்க மகள்கிட்ட சௌராஷ்டிராவுல மெதுவா என்னமோ சொன்னாங்க. எங்களுக்கு சத்தம் மட்டும்தான். ஹெட்போன் போட்டிருந்த சவுண்டு பொண்ணு மூஞ்சி மாறிடுச்சு. வெளிய வந்து சொல்லுது, ஒரு சேலைக்கு நெஜமா கையில கூலி எவ்ளோ நிக்குதுன்னு இவங்ககிட்ட சொல்லிடாத, சொன்னா நாளைக்கு முதலாளி நெய்யறதுக்கு பாவு நூலு குடுக்க மாட்டான்னு பாட்டி சொன்னாங்களாம்.

எடிட்டரு குதிக்கிறான், இதான்டா படம், சப்டைட்டில் போட்டு வச்சுடலாம்னு. எனக்கும் ஒரு நிமிஷம் நாக்குல எச்சி ஊறுச்சு, பொய் சொல்லல. சவுண்டு பொண்ணு ஒரே வார்த்தை, "அவங்க எங்கிட்ட பேசல, எனக்கு கேட்டுச்சு, அவ்ளோதான்." ரெக்கார்டரை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துடுச்சு. ரெண்டு மணி நேரம் வாக்குவாதம், லைட் அண்ணன் நடுவுல போய் தட்டுவடை செட் வாங்கிட்டு வந்தாரு, அப்பவும் ஓயல. கடைசியா அந்தத் துண்டை பாட்டி வீட்டுலயே, அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சோம். படத்துல கூலிங்கற பேச்சே இல்ல. படம் கொஞ்சம் சப்புன்னுதான் இருக்கும். அந்தப் பொண்ணு இல்லாம இருந்திருந்தா அந்தப் பேச்சு எங்களுக்குப் புரிஞ்சே இருக்காது, சண்டையும் வந்திருக்காது. எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க.

வாசகர், எடப்பாடி: டிரோன் வாங்கி தொழில் ஆரம்பிக்கலாமா? லைசென்ஸ் வேணுமா?

வேணும். 2021 டிரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல எடை இருக்கற டிரோனை காசு வாங்கிட்டு ஓட்டணும்னா ரிமோட் பைலட் சர்டிபிகேட் கட்டாயம். டிகிரி எல்லாம் கேக்க மாட்டாங்க, 18 வயசு, பத்தாவது பாஸ், அங்கீகாரம் உள்ள இடத்துல ட்ரெய்னிங், அவ்ளோதான். எங்க பொண்ணு அப்படித்தான் வாங்குச்சு. பறக்க விடுறதுக்கு முன்ன அரசாங்கத்தோட டிரோன் மேப்புல அந்த இடம் கிரீன் ஜோன்தானா பாத்துக்கோங்க, கிரீன்ல 400 அடி வரைக்கும் தனியா அனுமதி தேவையில்ல. காமலாபுரத்துல ஏர்போர்ட் இருக்கறதால ஓமலூர் பக்கம் விளையாட்டா தூக்கி விட்டுடாதீங்க. காட்டு இலாகா இடம்னா அது தனி அனுமதி. மலையில மூடுபனி வர்றது நிமிஷக் கணக்கு, டிரோன் கண்ணுக்குத் தெரியலைன்னா அப்புறம் ரசம் வச்சு கூப்பிட்டாலும் வராது.

வாசகி, சூரமங்கலம்: எனக்கு கேமரா கத்துக்க ஆசை. நைட் ஷூட்டிங்கு, ஆம்பளைங்க கூட வெளியூரு, வீட்டுல விட மாட்டேங்குறாங்க. என்ன சொல்லி சம்மதிக்க வைக்கிறது?

கண்ணு, வீட்டுல சொல்றதுக்கு முன்ன வேலை குடுக்கறவங்ககிட்ட கேக்க வேண்டியது இருக்கு. ராத்திரி முடிஞ்சா வீட்டு வாசல் வரைக்கும் வண்டி யாரு குடுப்பாங்க? வெளியூர் போனா தனி ரூம் உண்டா? லொக்கேஷன்ல பாத்ரூம் எங்க? இந்த மூணாவது கேள்விய நான் சேனல்ல இருந்தப்ப கேக்கறதுக்கு கூச்சப்பட்டு காலைல இருந்து தண்ணி குடிக்காம நின்னிருக்கேன், நீ கூச்சப்படாத. எங்க மேனேஜர் அக்கா இப்ப லொக்கேஷன் பாக்க போனா முதல்ல பாக்குறதே அதைத்தான், சீனரி எல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, 2013 சட்டப்படி பத்து பேரு அதுக்கு மேல வேலை பாக்குற எடத்துல பாலியல் தொல்லை புகாருக்கு உள்புகார்க் குழு வைக்கணும். எங்கள மாதிரி பத்துக்கு கம்மியா இருக்கற குட்டி யூனிட்டுக்கு அது கிடையாது, அதுக்காக கேக்க நாதியில்லைன்னு அர்த்தம் இல்ல, மாவட்ட அளவுல உள்ளூர் புகார்க் குழுன்னு ஒண்ணு இருக்கு, அங்க நேரா குடுக்கலாம், முதலாளி மேலயே கூட. இதை எங்க ஆபீஸ் சுவத்துல தமிழ்லயும் இந்தியிலயும் ஒட்டி வச்சிருக்கேன், முதலாளி நான்தான், இருந்தாலும்.

உங்கப்பாவை ஒரு நாள் ஷூட்டிங் பாக்க கூட்டிட்டு வா. லைட் அண்ணன்கிட்ட பேச விட்டா மத்தது அவர் பாத்துப்பாரு.

வாசகர், மேட்டூர்: ஒரு கடைக்கு விளம்பரம் எடுத்துக் குடுத்தேன். இப்ப அதை வெட்டி வெட்டி எல்லா எடத்துலயும் போடுறாங்க. உரிமை எனக்கா அவங்களுக்கா?

எழுத்துல என்ன போட்டீங்க? ஒண்ணும் போடலையா? அப்ப கஷ்டம். 1957 காப்பிரைட் சட்டம் 17வது பிரிவுப்படி ஒருத்தர் சொல்லி, காசு குடுத்து எடுக்க வச்ச படத்துக்கு, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் அந்த காசு குடுத்தவர்தான். நானும் தலையில அடிச்சுக்கிட்டுதான் கத்துக்கிட்டேன். இனிமே கால் பக்கத்துல ஆனாலும் எழுதி வாங்குங்க, எங்கெங்க போடலாம், எத்தனை வருஷம், எடுத்து யூஸ் பண்ணாத ஃபுட்டேஜ் யாருக்கு, இந்த மூணும் இருக்கணும். காசு பாதி முன்பணம். சொந்தக்காரன் கடைன்னா முழுசா முன்பணம்.

வாசகர், தாரமங்கலம்: உங்க படத்துல ஹீரோ சான்ஸ் கிடைக்குமா?

ஜவ்வரிசி ஃபேக்டரி விளம்பரம் ஒண்ணு வருது, கிழங்கு மூட்டை தூக்க முடியுமா?

வாசகி, சேலம் ஜங்ஷன்: ஷாட்ல லைட் பட்டை பட்டையா ஓடுது, என் போன்ல மட்டும்தான் இப்படி. ஏன்?

போன் மேல தப்பு இல்ல. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டும் சில எல்இடியும் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். செட்டிங்ஸ்ல 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வச்சுப் பாருங்க, பெரும்பாலும் போயிடும். இது எனக்கு சொல்லிக் குடுத்தது விஸ்காம் படிச்சவன் இல்ல, கல்யாண வீடியோ அண்ணன்தான், "ஹெர்ட்ஸ்"ங்கற வார்த்தையே சொல்லாம.

வாசகர், வாழப்பாடி: கடைசியில பேரு ஓடுமே, அதுல யாரு பேரு முதல்ல? டைரக்டர் நீங்கதானே?

அதுக்கும் ஒரு தடவை மூணு நாள் யாரும் யாரோடயும் பேசிக்கல. அப்புறம் வேலைப் பேரெல்லாம் தூக்கிட்டு தமிழ் அகரவரிசையில போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். அதுல என் பேரு கடைசிக்கு முன்னாடி. முதல்ல வர்றது மேனேஜர் அக்கா, பெருசா, கருப்பு ஸ்க்ரீன்ல தனியா. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் டிபியா வச்சிருக்காங்க, ஆறு மாசமாச்சு, பேத்தி பொறந்தப்பகூட மாத்தல.